பதினாறு சர்வர்களும் ஒரு நாத்தனாரும்

ஆகஸ்ட் 4

நாத்தனாருக்கு,

உன் அண்ணிதான் எழுதுகிறேன். மயக்கம் போட்டு விழாதே. நேற்றுக் காலை உன் அண்ணன் காப்பிக் கோப்பையை டக்கென்று மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே அவ சொன்னத உன்கிட்டயும் நீ சொன்னத அவகிட்டயும் கொண்டுவந்து சேர்க்க என்னால முடியாது. போன்ல பேசினா பாதியில வெச்சிடறீங்க. ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க." கல்யாணமான பதினான்கு வருடத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வெள்ளக் கணிப்புக் குழுக் கூட்டத்தில், இருபது பேர் முன்னால், உங்கள் கணினி மையத்திலிருந்து திரை முழுக்க உன் முகம் தெரிய, நீ என்ன சொன்னாய்? "எங்க ஸ்டோரேஜ்ல எந்தக் குறையும் இல்ல. அவங்க புரோகிராம்லதான் குறை." அவங்க! வீட்டில் அண்ணி, கூட்டத்தில் அவங்களா? செயலாளர் அதை அப்படியே குறிப்பேட்டில் ஏற்றிவிட்டார்: 'புரோகிராமில் குறை உள்ளது. சரிசெய்யும் வரை சோதனை ஓட்டத்துக்கு அனுமதி இல்லை.'

நான் செய்வது என்னவென்று உனக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு முறை சொல்கிறேன், காதில் ஏறட்டும். இப்போது இருக்கிற பழைய முறை, ஆறு இத்தனை அடி உயரும் என்று ஊர் முழுவதற்கும் ஒரே ஒரு எண்ணைச் சொல்லும். என் புரோகிராம் தெருத் தெருவாகச் சொல்லும், எத்தனை மணிக்கு, எந்த அளவு தண்ணீர் என்று. ஏழு வருட உழைப்பு. மலையில் பெய்யும் மழை ஊருக்குள் வர பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. பள்ளமான பகுதிகளைக் காலிசெய்யக் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும், முடிவெடுத்து வண்டிகளைக் கிளப்ப இன்னும் இரண்டு. அதனால் என் பதில் நாலு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும். இப்போது ஒன்பது மணி நேரம் ஆகிறது.

அந்த ஒன்பதில் கணக்குப் போட ஆவது இரண்டரை மணி. மீதி ஆறரை மணி நேரமும் போட்ட கணக்கை உங்கள் டிஸ்க்கில் எழுதுவதற்காக என் புரோகிராம் உன் வாசலில் கால்கடுக்க நிற்கிறது. குறை நிற்பவளிடமா, நிற்க வைப்பவளிடமா?

செப்டம்பர் 12 சோதனை நாள். அன்று நாலு மணி நேரத்துக்குள் முடியாவிட்டால் பழைய முறையே தொடரும், என் திட்டத்தை மூடிவிடுவார்கள். இதை நீ தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னாயா என்று மட்டும் எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 6

அண்ணிக்கு,

'அவங்க' என்று சொன்னது மரியாதைக்கு. கூட்டத்தில் 'எங்க அண்ணி' என்று ஆரம்பித்தால் குடும்பச் சலுகை என்று பேசுவார்கள். நல்லதுக்குச் செய்ததற்கும் திட்டு வாங்கிக்கொள்கிறேன், பழகிவிட்டது.

உங்கள் ஃபைலை இன்று பார்த்தேன். நாலு டெராபைட் இருக்கிற ஒரே ராட்சத ஃபைல். அது முழுக்க மூன்றாம் நம்பர் சர்வரில் உட்கார்ந்திருக்கிறது. எங்களிடம் இருப்பது பதினாறு ஸ்டோரேஜ் சர்வர்கள். எந்த ஃபைல் எந்த சர்வரில் என்று முகவரி வைத்திருக்கிற பதிவேட்டு சர்வர் தனி. பஸ் நிலையத்தில் பதினாறு டிக்கெட் ஜன்னல் திறந்திருக்கும்போது மொத்தக் கூட்டத்தையும் மூன்றாவது ஜன்னலில் நிறுத்திவிட்டு, 'லேட்டாகுதே' என்று சத்தம் போடுகிறீர்கள்.

புதிதாக வரும் ஃபைல் எதுவானாலும் ஒரே சர்வருக்குத்தான் போகும் என்று நாங்கள் அமைத்திருக்கிறோம். இங்கே பெரும்பாலானவர்கள் எழுதுவது சின்னச் சின்ன ஃபைல்கள். அவற்றைப் பிரித்தால் லாபத்தைவிட அலைச்சல்தான் அதிகம். ஆனால் உங்களுடையது மாதிரி பெரிய ஃபைலைத் துண்டு போட வேண்டும். முதல் நாலு மெகாபைட் ஒன்றாம் சர்வருக்கு, அடுத்த நாலு இரண்டாம் சர்வருக்கு, பதினாறு முடிந்ததும் மறுபடி ஒன்று. எல்லா ஜன்னலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். படிக்கும்போது துண்டுகள் தானாகவே ஒட்டிக்கொண்டு வரும். இதற்கு ஸ்ட்ரைப்பிங் என்று பெயர். ஒரு புது ஃபோல்டரைத் திறந்து, இணைப்பில் இருக்கும் ஒருவரிக் கட்டளையை அதற்குக் கொடுங்கள். அதில் உருவாகும் ஃபைல்கள் பதினாறாகப் பிரியும். மழைமானிகளின் குட்டி ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரில் தயவுசெய்து கைவைக்காதீர்கள்.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பும் வழிகாட்டியில் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அதை நீங்கள் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நாத்தனார்


ஆகஸ்ட் 9

வழிகாட்டி எழுதும் மேதைக்கு,

நீ சொன்னதை வரி பிசகாமல் செய்தேன். ஓட்டினேன். ஒன்பது மணி இரண்டு நிமிடம்! இரண்டு நிமிடம் கூடியிருக்கிறது. திருப்திதானே?

"உங்க தங்கச்சி என்னை வெச்சு விளையாடறா" என்று உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மெல்ல முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அன்று தலைகீழாகப் பிடித்திருந்தார்.

என்ன செய்தேன் என்று கேள். புது ஃபோல்டர் திறந்தேன். கட்டளையைக் கொடுத்தேன். பழைய ஃபோல்டரிலிருந்து அந்த ராட்சத ஃபைலை அதற்குள் நகர்த்தினேன். என் புரோகிராம் எப்போதும் அந்த ஃபைலைத் திறந்து அதன் மேலேயே புது விடையை எழுதும். அப்படித்தான் எழுதியது. இதில் எங்கே தப்பு? சோதனைக்கு இன்னும் ஐந்து வாரம்கூட இல்லை. உன் பதினாறு ஜன்னலில் பதினைந்தில் 'மதிய இடைவேளை' பலகை தொங்குகிறது என்று எனக்குப் பலத்த சந்தேகம்.

அண்ணி


ஆகஸ்ட் 10

அண்ணி,

நகர்த்தினீர்களா!

முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு சிரிப்பு வந்தது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். கோபப்படாதீர்கள். நகர்த்தும்போது பதிவேட்டில் ஃபைலின் பெயர்தான் இடம் மாறுகிறது. ஃபைல் இருக்கிற இடத்தை விட்டு இம்மிகூட அசையவில்லை, இன்னும் அதே மூன்றாம் சர்வரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஃபைல் எத்தனை சர்வரில் பிரியும் என்பது அது முதலில் உருவாகும்போதே முடிவாகிவிடும். அதன் மேலேயே எத்தனை முறை எழுதினாலும் மாறாது.

அந்தப் பழைய ஃபைல் வேண்டுமானால் நகல் எடுங்கள், நகல் பதினாறாகப் பிரியும். வேண்டாமென்றால் அழித்துவிட்டு, புரோகிராமே புதிதாக ஒன்றை உருவாக்கும்படி விடுங்கள்.

'உருவாகும் ஃபைல்கள்' என்று நான் எழுதியதில் 'புதிதாக' என்று சேர்த்து அடிக்கோடு போட்டிருக்க வேண்டும். அந்த அளவுக்கு என் தப்பு. மீதி உங்களுடையது.

நாத்தனார்


ஆகஸ்ட் 12

என் தங்கமே,

ஐந்து மணி இருபது நிமிடம்!

நம்பாமல் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது மணி நேரம் இழுத்தது ஐந்தேகாலில் முடிந்துவிட்டது! நான் போட்ட சத்தத்தில் மாடிக் காவலாளி தீயணைப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணனைக் கட்டிப்பிடித்தேன். மனிதர் மிரண்டுபோய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். உன் மருமகள் மட்டும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். "அத்தை ஏதோ செஞ்சிருக்காங்க" என்றாள்.

உன்னை என்னென்னவோ சொல்லிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. வைத்துக்கொண்டாலும் செப்டம்பருக்குப் பிறகு வைத்துக்கொள்.

இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் குறைய வேண்டும். இனி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன், என் பக்கத்திலேயே குறைத்துக்கொள்கிறேன். மூன்று மீட்டருக்குக் குறைவான சந்துகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் நாலுக்குள் வந்துவிடும். தண்ணீர் முதலில் நுழைவது அந்தச் சந்துகளில்தான். ஆனால் அத்தனையும் இழப்பதற்கு இது பரவாயில்லை அல்லவா?

அண்ணி


ஆகஸ்ட் 13

அண்ணி,

ஒரு சந்தைக்கூடத் தொடாதீர்கள்.

கணக்கு உதைக்கிறது. ஒரு சர்வர் ஆறரை மணி நேரத்தில் எழுதியதைப் பதினாறு பேர் பங்கு போட்டுக்கொண்டால் இருபத்து நாலு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். உங்கள் இரண்டரை மணியைச் சேர்த்தால் மூன்று மணிக்குள். ஆனால் எழுத மட்டும் இரண்டு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருக்கிறது. எங்கேயோ எதுவோ பிடித்து இழுக்கிறது. மூன்று நாள் கொடுங்கள். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.

நாத்தனார்


ஆகஸ்ட் 16

அண்ணிக்கு,

இதை நாலு முறை எழுதி அழித்தேன்.

நீங்கள் வியாழக்கிழமை மறுபடி ஓட்டியபோது நான் திரையில் பதினாறு சர்வர்களின் வேகத்தையும் பதினாறு கோடுகளாக வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து நாலாவது நிமிடத்தில் பதினைந்து கோடுகள் ஒன்றாக இறங்கிப் பூஜ்யத்தில் படுத்துவிட்டன. வேலை முடிந்துவிட்டது. ஒரே ஒரு கோடு மட்டும் அடிமட்டத்தில் ஊர்ந்துகொண்டே இருந்தது. ஏழாம் நம்பர். கடைசி ஆள் முடிக்கும் வரை ஃபைல் முடிந்ததாகாது. அவனுக்காக மீதிப் பதினைந்து பேரும் கைகட்டி நின்றார்கள்.

சர்வர் கூடத்துக்குப் போய் ஏழாம் சர்வரைத் திறந்து பார்த்தேன். எழுத வரும் துண்டுகளை உடனே வாங்கி வைத்துக்கொள்ள ஒவ்வொரு சர்வரிலும் ஒரு கேஷ் உண்டு. ஏழில் அது அணைத்துக் கிடந்தது. அதனால் ஒவ்வொரு துண்டும் டிஸ்க் வரை போய் எழுதி முடித்த பிறகுதான் அடுத்ததை வாங்குகிறது.

அணைத்தது நான்தான். போன வருடம் சர்வர்களை நிறுவும்போது, கேஷை அணைத்து ஒரு சோதனை, மறுபடி போட்டு ஒரு சோதனை செய்ய வேண்டும். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் அமைப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு தாள், அதில் இரண்டு கையெழுத்து. ஏழாம் தாளில் இரண்டுமே என் கையெழுத்து. கூட வேலை செய்பவர் காய்ச்சல் என்று வரவில்லை. மணி நாலரை. ஐந்துக்கு பஸ். அன்று உங்கள் மகளின் பிறந்தநாள். நீங்கள் போனில், "இந்த வருஷமும் கேக் வெட்டின பிறகுதான் வருவியா?" என்று கேட்டீர்கள். கேஷைத் திரும்பப் போட்டேனா என்று பார்க்காமலே கீழ்வரியிலும் நானே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. ஏழில் ஃபைல் விழுந்தவர்கள் இரண்டொருவர் மெதுவாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். 'உங்க புரோகிராமைப் பாருங்க' என்று திருப்பி அனுப்பினேன். கூட்டத்தில் உங்களைச் சொன்னதும் அப்படித்தான். பார்க்காமலே சொன்னேன். திரையில் என் முகம் பெரிதாகத் தெரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த முகத்தை நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை.

சரிசெய்வது ஒரு மணி நேர வேலை. ஆனால் ஏழாம் சர்வரை நிறுத்த வேண்டும். நிறுத்த எங்கள் மையத் தலைவரின் கையெழுத்து வேண்டும், விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும். மையத்துக்கு வரப்போகும் புது இயந்திரத்தின் பொறுப்பை எனக்குத் தருவதாக அவர் போன வாரம்தான் சொன்னார். விண்ணப்பம் இரண்டு நாளாக என் மேஜையில் கிடக்கிறது. காரணம் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

நாத்தனார்


ஆகஸ்ட் 17

அடி பாவி,

முதலில் திட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இரண்டு வாரம் நான் பச்சைத் தண்ணீர்கூட நிம்மதியாகக் குடிக்கவில்லை. ஏழு வருடத்து நிரலை வரி வரியாகப் பிரித்துப் போட்டு, எங்கே கோட்டைவிட்டேன் என்று என்னையே நான் சந்தேகப்பட்டேன். அதற்கு ஒரு திட்டு. 'ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது' என்று எழுதினாயே, அதற்கு ஒரு தனித் திட்டு. ஆயிற்று.

இப்போது கேள். நானும் கணக்குப் போட்டேன். ஏழாம் சர்வரை விட்டுவிட்டு மீதிப் பதினைந்தில் மட்டும் ஃபைலைப் பிரித்தால் எழுத இருபத்தாறு நிமிடம். மொத்தம் மூன்று மணிக்குள்! அந்தப் பதினைந்தை ஒரு குழுவாகக் கட்ட உன்னால் முடியும், யார் கையெழுத்தும் வேண்டாம், சரிதானே? 'புரோகிராமில் இருந்த குறை சரிசெய்யப்பட்டது' என்று செயலாளருக்கு நான் ஒரு வரி எழுதிப்போடுகிறேன். குறிப்பு நீங்கும், சோதனை நடக்கும். ஏழாம் சர்வரைப் பிறகு ஏதாவது ஒரு பராமரிப்பு நாளில் நீ சத்தமில்லாமல் சரிசெய்துகொள்.

என் பெயருக்கு ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். நான் பார்க்காத கீறலா? உன் பதவி போனால் உன் அண்ணன் என்னைத்தான் பார்ப்பார், ஒரு வார்த்தை பேசாமல், ஆறு மாதம். அதை யாரால் தாங்க முடியும்? அதோடு, கேக் விஷயத்தில் வாயை விட்டவள் நான்தான். அந்தக் கேக் நன்றாகக்கூட இல்லை.

உடனே 'சரி' என்று ஒரு வரி எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 19

அண்ணிக்கு,

சரி என்று எழுதமாட்டேன். இன்று காலை பத்து மணிக்கு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன்.

காரணம் என்ற இடத்தில் எழுதியது இது: 'ஏழாம் சர்வரில் கேஷை அணைத்தது நான். திரும்பப் போடாமல் விட்டதும் நான். சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டதும் நான். புரோகிராமில் குறை என்று கூட்டத்தில் சொன்னது தவறு.' தலைவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இத நீ சொல்லாம விட்டிருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

"எங்க அண்ணிக்குத் தெரியும் சார்."

"யாரு உங்க அண்ணி?"

"அந்த வெள்ளக் கணிப்பு புரோகிராம் அவங்களோடதுதான் சார்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். புது இயந்திரம் வேறொருவருக்குப் போகிறது. பதினாறு தாள்களையும் இன்னொருவர் முதலிலிருந்து சரிபார்ப்பார், நான் அவர் பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். குறிப்பைத் திருத்தச் சொல்லிச் செயலாளருக்குத் தலைவரே எழுதிவிட்டார். கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். வெளியே வந்து இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போனது மாதிரி இருந்தது.

இதைக் கேளுங்கள்! மூன்று மணிக்கு ஏழாம் சர்வரை நிறுத்தி, கேஷைப் போட்டு, மறுபடி ஏற்றினோம். சின்னதாக ஒரு ஃபைலை எழுதிப் பார்த்தேன். பதினாறு கோடுகளும் ஒன்றாக ஏறி, ஒன்றாக ஓடி, ஒரே நொடியில் இறங்கின. அண்ணி, எத்தனையோ முறை இந்தத் திரையைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. புது இயந்திரப் பொறுப்பு கிடைத்தவர்கூடக் கைதட்டினார்.

உங்கள் பெயரில் கீறல் போட்டு எனக்கு ஒரு நாற்காலி வேண்டாம். சந்துகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா?

நாத்தனார்


செப்டம்பர் 12

என் நாத்தனாரே, என் ராசாத்தியே,

இரண்டு மணி ஐம்பத்து நாலு நிமிடம்!

கூட்ட அறையிலிருந்தே எழுதுகிறேன். ஒரு சந்துகூட விடவில்லை. கணக்கு முடிந்து எழுதும் கட்டம் தொடங்கியதும் குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஐந்து நிமிடம், பத்து, இருபது. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொறியாளர் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார். அடுத்த நிமிடம் திரையில் 'முடிந்தது' என்று வந்தது! எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப் பார்த்தேன்.

அதற்கு முன்னால், காலையில், செயலாளர் திருத்தத்தை வாசித்தார். உன் நாலு வாக்கியத்தையும் ஒன்றுவிடாமல். குழுத் தலைவர் என்னைப் பார்த்து, "இவ்ளோ நடந்த பிறகும் உங்க ஃபைலை அவங்ககிட்டயே குடுக்கப் போறீங்களா? வேற மையம் பார்க்கலாமே" என்றார். நான் சொன்னேன்: "தப்பு எல்லாருக்கும்தான் வருது சார். தானே தேடிக் கண்டுபிடிச்சு, தானே வந்து சொன்னவங்க எனக்குத் தெரிஞ்சு இவங்க ஒருத்தர்தான். மழை நேரத்துல எனக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும்." அவர் அடுத்த தாளைப் புரட்டினார்.

அனுமதி கிடைத்துவிட்டது. இந்த மழைக்காலத்திலிருந்தே. உன் அண்ணன் மகிழ்ச்சியில் இன்று போனில் மூன்று முழு வாக்கியம் பேசினார்.

அண்ணி


அக்டோபர் 3

நாத்தனாருக்கு,

நேற்று நீ அங்கே திரைக்கு முன்னாலும் நான் இங்கே திரைக்கு முன்னாலும் உட்கார்ந்திருந்தோம். திரையில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஊருக்குள் நடந்தது தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

காலை ஐந்து மணிக்கு மலையில் கொட்டத் தொடங்கியது. ஐந்தரைக்கு ஓட்டினோம். எட்டு இருபத்து நாலுக்கு விடை வந்தது. ஆற்றோரம் பதினெட்டுத் தெருக்கள், மாலை ஐந்து மணி, இடுப்பளவு. பழைய முறையையும் கூடவே ஓட்டிப் பார்த்தார்கள். ஆறு இரண்டடி உயரும், கவலைப்பட ஒன்றுமில்லை என்றது. சிலர் அதைக் காட்டி, "வெயில் அடிக்குது, எதுக்கு ஜனங்களை அலைக்கழிக்கணும்?" என்றார்கள். ஊரில் அப்போது ஒரு சொட்டு மழை இல்லை. குழுத் தலைவர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "நம்பலாமா?" நம்பலாம் என்றேன். ஒன்பது மணிக்கு வண்டிகள் கிளம்பின. வீடு வீடாகத் தட்டினார்கள். ஜனங்கள் திட்டிக்கொண்டேதான் கிளம்பினார்கள். ஒரு பெரியவர், தண்ணீர் வரவில்லையென்றால் என்னை வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம். மூன்று மணிக்குள் கடைசி ஆளும் ஏறிவிட்டார்.

நான் பாலத்தின் மேல் போய் நின்றுகொண்டேன். உன் அண்ணனும் வந்தார். ஐந்து மணிக்கு ஒன்றும் வரவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து பத்துக்குத் தண்ணீர் வந்தது. முதல் தெருவில் நுழைந்தது, இரண்டாவது, மூன்றாவது. ஒரு வீட்டுக் கதவை அப்படியே பெயர்த்துக்கொண்டு உள்ளே போய், பின்வாசல் வழியாகக் கட்டிலையும் பீரோவையும் வெளியே தள்ளியது. பதினெட்டுத் தெருவும் ஆறாகிவிட்டது.

உள்ளே ஒருவர்கூட இல்லை.

அண்ணி